பென்னாகரம் ரோட்டு நூடுல்ஸ்

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் தர்மபுரி பென்னாகரம் ரோட்டில் நடந்தால், பூண்டு எண்ணெயில் பொரிகிற வாசனையோடு வினிகர் நெடியும் சேர்ந்து வரும். கூடவே அடுப்பின் இரைச்சல். நான் சொல்லப் போகிற கடைக்குப் பெயர்ப் பலகை தேட வேண்டியதில்லை, அந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். வாசலில் அடுப்பு மேடை, உள்ளே நான்கு மேசை, சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் டிராகன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் மெனு. வெஜ் நூடுல்ஸ் 60 ரூபாய், எக் 70, சிக்கன் 90. இரண்டு பேர் போய், நடுவில் ஒரு கோபி மஞ்சூரியனும் வாங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தாலும் 250 ரூபாயைத் தாண்டாது.

இந்த மாதிரிக் கடைகளைப் பற்றி யாரும் மெனக்கெட்டு எழுதுவதில்லை. பிரியாணிக்கு எழுதுகிறார்கள், ஒகேனக்கல் மீனுக்கு எழுதுகிறார்கள். பாஸ்ட் ஃபுட் கடை என்றால் பசிக்கு ஏதோ ஒன்று என்கிற நினைப்புதான். வாரம் தவறாமல் அங்கே சாப்பிடுகிறவர்கள்கூட அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் கேட்ட பிறகு, எனக்கென்று, என் கண்ணெதிரே, சீறுகிற தீயில் ஒருவர் முழுக் கவனத்தோடு ஒரு தட்டுச் சாப்பாடு செய்து தருகிறார். தோசையை விட்டால் இந்த விலைக்கு நம் ஊரில் அப்படிக் கிடைப்பது வேறென்ன இருக்கிறது?

கடையின் உயிர் மாஸ்டர்தான். பாப்பாரப்பட்டிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் பெங்களூரில் ஒரு ஹோட்டலுக்குப் பாத்திரம் கழுவப் போனவர். அங்கே வெங்காயம் உரித்து, காய் நறுக்கி, படிப்படியாகச் சைனீஸ் அடுப்பு வரைக்கும் வந்திருக்கிறார். அவருக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் டார்ஜிலிங் பக்கத்து ஆள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன் என்கிறார்.

வேலை மத்தியானமே தொடங்கிவிடும். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து, உப்பும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு, காய்ந்த நூடுல்ஸைப் போட்டு முக்கால் வேக்காட்டில் எடுத்துவிடுவார். வடித்ததும் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, எண்ணெய் தடவி, அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவிடுவார். அந்த அலசலில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மேலே படிந்த மாவுப்பசை போய்விடும், உள்ளே இருக்கிற சூடு அடங்கி வேக்காடு அந்த இடத்திலேயே நின்றுவிடும். சூட்டோடு குவித்து வைத்தால் சாயங்காலம் கட்டி கட்டியாகத்தான் பெயர்த்தெடுக்க வேண்டும். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாம் நீள நீளமாக, மெலிசாக நறுக்கியிருக்கும். அழகுக்காக அல்ல. அந்தக் காய் கடாயில் ஒரு நிமிடம்கூட இருக்கப் போவதில்லை. அதற்குள் வேகவும் வேண்டும், கடித்தால் நறுக்கென்றும் இருக்க வேண்டும்.

ஆர்டர் சொன்னதும் இரும்புக் கடாயைத் தீயில் வைப்பார். புகை கிளம்பும் வரை எண்ணெய் விடமாட்டார். எண்ணெய் விட்டு, கடாயை ஒரு சுற்றுச் சுற்றி, முட்டையை உடைத்து ஊற்றினால் அது நொடியில் பொங்கி எழும். கரண்டியால் கலைத்து ஓரம் தள்ளுவார். பூண்டு, வெங்காயம், பிறகு காய்கள். அடுத்து இரண்டு பிடி நூடுல்ஸ். உப்பு, வெள்ளை மிளகுத்தூள், ஒரு சிட்டிகை அஜினமோட்டோ. சோயா சாஸை நடுவில் ஊற்றாமல் கடாயின் சுவரில் ஊற்றுவார். கொதிக்கிற இரும்பில் பட்டுச் சுண்டி, லேசாகக் கருகின வாசனையோடு கீழே இறங்கும். வினிகர் கடைசியில், சில துளிகள். இதற்கிடையே ஒரு கையால் கடாயை அடுப்பு விளிம்பில் சாய்த்துப் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டித் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பார். மேலே எழும்பும் எண்ணெய்த் துளிகளில் தீப்பிடித்து ஒரு கணம் கடாயே எரிகிற மாதிரி தெரியும். வெங்காயத்தாள் தூவித் தட்டில் கொட்டும்போது மொத்தமாக மூன்று நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

நூடுல்ஸ் கடையின் ருசியை வீட்டில் கொண்டுவர முடியாமல் தவிப்பவர்கள் நிறையப் பேர். சாஸ் பாட்டிலில் ஏதோ ரகசியம் இருப்பதாக நினைக்கிறார்கள். ரகசியம் அடுப்பில் இருக்கிறது. வீட்டு அடுப்புத் தீயில் காய் போட்டதும் கடாயின் சூடு இறங்கிவிடும். காய் தண்ணீர் விடும், நூடுல்ஸ் அதில் ஊறும், வதங்கும். பிரஷர் அடுப்பில் அந்தத் தண்ணீர் வந்த வேகத்தில் ஆவியாகிவிடுகிறது. ஈரம் போன நூடுல்ஸின் மேல்பக்கம் சிவந்து, அதில் ஒரு வாசனை ஏறுகிறது. வீட்டில் செய்வதானால் ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் செய்யுங்கள், ஓரளவு பக்கத்தில் வரும்.

அந்தத் தூக்கிப் போடுகிற வேலையை ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இரண்டு பேர் படம் பிடித்து அளந்திருக்கிறார்கள். 2020-இல் ராயல் சொசைட்டியின் ஓர் ஆய்விதழில் அது வெளியானது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஃப்ரைட் ரைஸ், ஆனால் கைவேலை ஒன்றுதான். கடாய் ஆடுவது நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. அந்த வேகத்தில் தூக்கிப் போடுவதால்தான் 1200 டிகிரி செல்சியஸ் வரை போகும் சூட்டிலும் சாப்பாடு கருகாமல் தப்புகிறது என்கிறார்கள். அதே கட்டுரையில் இன்னொரு எண் இருந்தது. சைனீஸ் உணவகச் சமையல்காரர்களில் 64.5 சதவீதம் பேருக்குத் தோள்வலி. இதைப் படித்த பிறகு மாஸ்டரின் தோளைப் பார்க்காமல் என்னால் சாப்பிட முடிவதில்லை.

"தோள் வலிக்காதாண்ணா?" என்று கேட்டேன்.

"வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க முடியாதுங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை ராத்திரி ரொம்பக் குடையும். கூட்டம் அன்னிக்குத்தானே" என்றார், கையை நிறுத்தாமலே.

எங்கள் வீட்டில் அம்மா களி கிண்டும்போது, பானையைக் காலால் அண்டக் கொடுத்து, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, முழு உடம்பையும் சாய்த்துக் கிண்டுவாள். கேழ்வரகு மாவு இறுகும்போது அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு, இந்த மாஸ்டர் செய்வது என்ன வேலை என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அம்மா ஒரு நாளைக்கு ஒரு பானை கிண்டினாள். இவர் ராத்திரி பதினொரு மணி வரை ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகத் தூக்கிப் போடுகிறார்.

சாப்பிட வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரி ஹாஸ்டல் பையன்கள், மெடிக்கல் ரெப்கள், ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் பெண்கள், சம்பளம் வந்த வாரம் குழந்தைகளோடு வரும் குடும்பங்கள். நான் படித்த காலத்தில் இந்த ஊரில் ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. டீக்கடை பெஞ்ச் ஆண்களுக்கு. மெஸ் என்றால் பார்சல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். பெரிய ஹோட்டலில் ‘குடும்ப அறை’ என்று தடுப்புப் போட்ட இடம் இருக்கும், குடும்பம் இல்லாமல் அதற்குள் போனால் சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார். இப்போது இந்தக் கடையில் நான்கு பெண்கள் சேர்ந்து வந்து, ஒரு நூடுல்ஸும் ஒரு சில்லி காளானும் வாங்கிப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காசு பெரிதாகச் செலவில்லை, பேரர் தலைமேல் நிற்பதில்லை. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஒரு ஊருக்குள் பெண்கள் உட்கார இடம் கிடைப்பது சாப்பாட்டு ருசியை விடப் பெரியது.

அப்பாவுக்கு மட்டும் இந்தக் கடை பிடிக்காது. "களி தின்னு வளந்த ஊரு கண்ணு இது. மைதாவத் தின்னா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?" என்பார். மைதா விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். தவிட்டையும் முளையையும் நீக்கின மாவு, நார்ச்சத்து சொற்பம், சீக்கிரமே மறுபடி பசிக்கும். தினமும் ராத்திரி இதையே சாப்பிடுகிற ஹாஸ்டல் பையன்களிடம் நானும் அதைச் சொல்கிறேன். ஆனால் ‘இது சீனாக்காரன் சாப்பாடு, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்’ என்று அவர் அடுத்த வரிக்குப் போகும்போது நான் நின்றுவிடுவேன்.

ஏனென்றால், கிடைத்தவற்றிலேயே மிகப் பழைய நூடுல்ஸ் மைதாவே இல்லை. சீனாவின் சிங்ஹாய் மாகாணத்தில் லாஜியா என்கிற இடத்தில் அகழ்வாய்வு செய்தபோது, கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்கு அடியில் மெல்லிய மஞ்சள் இழைகள் இருந்தன. ஏறக்குறைய 4000 வருடத்துக்கு முந்தியவை. 2005-இல் நேச்சர் இதழில் அந்த ஆய்வு வந்தது. அவை தினையும் பனிவரகும் சேர்ந்த மாவில் செய்தவை என்றார்கள். பசைத்தன்மை இல்லாத சிறுதானிய மாவை அவ்வளவு நீளமாக இழுக்க முடியுமா என்று பிறகு வேறு சிலர் கேள்வி கேட்டார்கள், அந்த வாதம் நடந்தது. எப்படியானாலும் கிண்ணத்தில் சிறுதானியம் இருந்தது. அதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சாமையும் கேழ்வரகும் தினையும் விளைகிற மாவட்டத்துக்காரருக்கு அது அந்நியமான செய்தி இல்லையே.

இன்று நம் தட்டுக்கு வருகிற நூடுல்ஸ் வேறு வழியில் வந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனர்கள் குடியேறினார்கள். பின்னால் வந்த ஹக்கா சமூகத்தினர் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டார்கள், கூடவே சாப்பாட்டுக் கடைகளும் வைத்தார்கள். ஃப்ளெக்ஸ் மெனுவில் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று இருப்பது அவர்கள் பெயர்தான். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-இல் மும்பை கிரிக்கெட் கிளப் சமையலறையில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயைத் தாளித்து, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் சோளமாவும் சேர்த்துக் கோழியில் செய்ததுதான் மஞ்சூரியன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கோழிக்குப் பதில் காலிஃபிளவர் வந்தது, அது பெங்களூர் தெருவெல்லாம் தள்ளுவண்டி ஏறியது. அங்கே பாத்திரம் கழுவப் போன நம் பையன்கள் கடாயோடு திரும்பி வந்தார்கள். இந்த மாஸ்டர் கோபியில் கறிவேப்பிலையும் பொரித்துப் போடுகிறார். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

காய்களும் அப்படித்தான். முட்டைக்கோஸ், குடைமிளகாய், கேரட் எல்லாம் ஓசூர், தளிப் பக்கத்திலிருந்து இறங்குபவை. தக்காளி பாலக்கோட்டிலிருந்து. பாலக்கோட்டுத் தக்காளி விலை சரிகிறபோதெல்லாம் மாஸ்டர் மலிவாகக் கூடை கூடையாக வாங்கி, காய்ந்த மிளகாயோடு வேகவைத்து அரைத்துச் சட்னி வைத்துவிடுவார். பாட்டில் சாஸை விட எனக்கு அதுதான் பிடிக்கும்.

தக்காளியைச் சொன்னதும் அஜினமோட்டோவுக்கு வந்துதான் ஆக வேண்டும். நூடுல்ஸ் என்று வாயைத் திறந்தாலே யாராவது அதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஜப்பானில் கிகுனே இகெதா என்கிற வேதியியலாளர் 1908-இல் கடல்பாசிச் சாற்றிலிருந்து, அதற்கு ருசி கொடுக்கிற குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருடமே அஜினமோட்டோ என்கிற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு டாக்டர் கடிதம் எழுதினார். சைனீஸ் ஹோட்டலில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, காரணம் சோயா சாஸா, ஒயினா, உப்பா, இந்தப் பொடியா என்று சந்தேகமாகத்தான் கேட்டிருந்தார். ஊர் உலகம் பொடியை மட்டும் பிடித்துக்கொண்டது. பிறகு, யாருக்கு எது கொடுத்தோம் என்று கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு நிலையாக நிரூபணம் ஆகவில்லை. சாப்பாடு எதுவும் இல்லாமல் ஒரேயடியாக மூன்று கிராம், அதற்கு மேல் என்று உட்கொண்டால் சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி, படபடப்பு வரலாம். நூடுல்ஸில் விழுவது ஒரு சிட்டிகை.

இப்போது அதைக் கரும்புச் சர்க்கரைப் பாகு, மரவள்ளி மாவு, சோளம் முதலியவற்றை நொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். மரவள்ளி நம் மாவட்டத்தில் ஏக்கர் ஏக்கராக நிற்கிற பயிர். அதே குளூட்டமேட் பழுத்த தக்காளியில் இயற்கையாகவே நிறைய இருக்கிறது. அம்மா வைக்கிற தக்காளி ரசம் நாக்கில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இதை விளக்கிச் சொல்லி, எதிர்த்தவர்களில் பாதிப்பேரை நூடுல்ஸ் சாப்பிட அழைத்துப் போயிருக்கிறேன்.

பயப்பட வேண்டியது வேறு இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று நிறம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு ரோடமின் பி கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. அடுத்த மாதமே கர்நாடகா, கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதற்கும் தடை போட்டது. ரோடமின் பி துணிச் சாயம், வயிற்றுக்குள் போக வேண்டியதே இல்லை. கோபி கண்ணைப் பறிக்கிற சிவப்பில் இருந்து, தொட்ட விரலிலும் சாயம் ஒட்டினால் அந்தத் தட்டை நகர்த்தி வைத்துவிடுங்கள். காஷ்மீரி மிளகாய் போட்டால் வருகிற சிவப்பு கொஞ்சம் மங்கலாக, பழுப்பு கலந்துதான் இருக்கும். இன்னொன்று எண்ணெய். கோபி பொரிக்கிற சட்டியை எட்டிப் பாருங்கள். கறுத்து, நுரை தள்ளிக்கொண்டிருந்தால் அன்றைக்கு நூடுல்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த மாஸ்டர் நூடுல்ஸுக்கு ஊற்றுவது புது எண்ணெய்தான்.

மூன்றாவதாக ஒரு மனக்குறையும் உண்டு. ஊரில் வேறொரு கடையில், எவர்சில்வர் தட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் புகை பறக்கும் நூடுல்ஸைக் கொட்டினார்கள். தட்டு கழுவுகிற வேலை மிச்சமாம். இந்தத் தாளைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்தாயிற்று. நான் வாழையிலைக் கீற்று கேட்டேன், இல்லை என்றார்கள், எழுந்து வந்துவிட்டேன். பென்னாகரம் ரோட்டுக் கடையில் இலையை வட்டமாக வெட்டித் தட்டில் போடுகிறார்கள். சூடு பட்டதும் இலை வாசனை லேசாக மேலே வரும். சோயா சாஸோடு அந்த வாசனை சேர்ந்து நான் வேறெந்த ஊரிலும் சாப்பிட்டதில்லை.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். ஏழு மணிக்குள் போங்கள், காய் அப்போதுதான் நறுக்கியிருக்கும். பார்சல் வாங்காதீர்கள். கட்டின பொட்டலத்துக்குள் ஆவி அடைபட்டு, அடுப்பு விரட்டின ஈரமெல்லாம் திரும்ப நூடுல்ஸுக்குள்ளேயே இறங்கிவிடும். வீடு போய்ப் பிரிக்கும்போது அது வேறு சாப்பாடு. முதல் தடவையானால் எக் நூடுல்ஸ் கேளுங்கள், முட்டையில்தான் தீயின் வாசனை நன்றாகப் பிடிக்கும். காரம் அதிகம் போடச் சொல்லாமல், மேசையில் இருக்கிற வினிகர் மிளகாயைக் கலந்துகொள்ளுங்கள். கூட்டம் நெரிகிற நேரத்தில் நான்கு தட்டை ஒரே கடாயில் போட்டுத் தரச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். மாஸ்டர் மறுக்கமாட்டார், ஆனால் கடாய் கனத்து, தோளும் வலித்து, நூடுல்ஸும் வதங்கிப்போகும்.

கடைக்காரரிடம் இன்னொரு அடுப்பும் இன்னொரு ஆளும் போடச் சொல்லி நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். காய் நறுக்குகிற பையனுக்கு மாஸ்டரே மத்தியான நேரத்தில் வெறும் கடாயில் அரிசியைப் போட்டுத் தூக்கிப்போடப் பழக்கித் தருகிறார். அவன் தேறிவிட்டால் ஞாயிறு ராத்திரியில் பாதிச் சுமை குறையும்.

அப்பாவோடு நடந்த அந்தத் தினைப் பேச்சை மாஸ்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். சாமை நூடுல்ஸ் இழுக்க வராது, ஆனால் சாமைச் சோற்றில் ஃப்ரைட் ரைஸ் போடலாமே என்றார். முதலில் செய்தது குழைந்துவிட்டது. பிறகு சாமையைத் தண்ணீர் குறைத்து வேகவைத்து, நூடுல்ஸுக்குச் செய்கிற மாதிரியே பரப்பி நன்றாக ஆறவிட்டுப் பார்த்தார். பருக்கை பருக்கையாக உதிர்ந்து, பூண்டையும் மிளகையும் நன்றாக இழுத்துக்கொண்டது. அப்பா ஒரு தட்டு முழுவதும் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னார். மெனுவில் அது இன்னும் ஏறவில்லை. காலையிலேயே போன் போட்டுச் சொல்லிவைத்தால் செய்து வைக்கிறார், 80 ரூபாய்.